ஒரு விரல் தள்ளி

கீழே பட்டறையில் இத்தோ மரக்கட்டையை, நடுவிலிருந்து தள்ளிக் குறித்த இரண்டாவது மையத்துக்கு மாற்றி, கடைசல் எந்திரத்தில் இறுக்கி ஓட்டிய மறுநிமிடம் அண்ணன் ஹம்மாத் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"மேல நம்ம வாப்பா மூச்சுக்குத் தவிக்கிறாரு. இங்க என்ன சத்தம்? நிறுத்து."

நிறுத்தினாள்.

"யாரு நிறுத்துனது?" மேலிருந்து வாப்பா லஹ்சனின் குரல் இழுத்து இழுத்து வந்தது. "அந்தக் கட்டையை எடுத்துட்டு வா."

அவர் பட்டறைக்குள் கால் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. எஸ்ஸாவிரா ஊரின் துறைமுகத் தெருவில் நாற்பது வருடம் மேசைக்கால்களை நூல் பிடித்தாற்போல் கடைந்தவர். மகள் வேண்டுமென்றே மையத்தைத் தள்ளிவைத்து, நெளிந்து நிற்கும் விளக்குத்தண்டுகளைக் கடையத் தொடங்கியதும், "குடிகாரன் கண்ணுக்குத்தான் இது நேரா தெரியும்" என்றார். ஒருநாள் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை உடைத்தது. அன்றோடு பட்டறைக்கு வருவதை விட்டார், பேச்சும் குறைந்தது.

இத்தோ மாடியேறிக் கட்டையை அவர் கையில் வைத்தாள். மருந்து நெடிக்கு நடுவே அரார் மரத்தின் வாசனை எழுந்தது. வளைவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனவர், முனையில் குறித்திருந்த புள்ளிகளை நகத்தால் தேடினார்.

"எவ்வளவு தள்ளியிருக்க?"

"அரை விரல், வாப்பா."

"பயந்து வச்சிருக்க."

"உங்க கண்ணாடி போனதுலேர்ந்து பயம்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. ஹம்மாத் முதுகைத் தாங்கிக்கொண்டான்.

"ஒரு விரல் தள்ளு. வேகத்தைக் குறை. கதவு திறந்தே இருக்கட்டும், எனக்குக் கேக்கணும்."

"இந்த நேரத்துலயா, வாப்பா?" என்றான் ஹம்மாத்.

"இந்த நேரத்துலதான்டா."

இத்தோ கீழே இறங்கி, மையத்தை ஒரு விரல் தள்ளிவைத்து ஓட்டினாள். எந்திரம் முதலில் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது. சுழலும் கட்டையைச் சுற்றி அதன் நிழல் போல ஒரு மங்கல். இத்தோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உளியை அந்த மங்கலுக்குள் மெல்ல நுழைத்தாள். டக், டக் என்று இடித்த மரம் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கி, சீறலாக மாறியது. எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஹம்மாத் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்றும் தெரியவில்லை.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு." அவன் கதவில் சாய்ந்துகொண்டான். "நடுவுல, 'அவ உளியைத் தீட்டணும்'னாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்தது. துக்கத்தின் மூன்று நாளும் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்தார்கள்.

நான்காம் நாள் காலை இத்தோ பட்டறைக் கதவைத் திறந்தாள். தான் வேலை பார்க்கும் ஊரான அகாதிருக்குத் திரும்பக் கிளம்பிய ஹம்மாத், பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பஸ் மதியம்தான். உக்காரவா?"

"சட்டையில தூசி படும்."

"படட்டும்."

கோணிமூட்டைகள்மேல் உட்கார்ந்தான். இத்தோ புதுக்கட்டையின் முனையில் மூன்று புள்ளிகள் குறித்தாள். எந்திரம் அதிர்ந்து எழுந்தது. சுருள் சுருளாகச் சீவல்கள் பறந்து அவன் வெள்ளைச் சட்டையிலும் மடியிலும் விழுந்தன. அவன் தட்டிவிடவில்லை.