வீட்டுக்காரம்மா

என் வீட்டுக்காரர் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறார் என்று நாத்தனார் போனில் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது சுவரும் கூரையும் உள்ள நிஜமான சின்ன வீடு என்று. நிம்மதி வந்ததா என்றால், அதுதான் இல்லை. மற்றதென்றால் இரண்டு பேர் முடியையும் பிடித்து உலுக்கி ஒரே நாளில் கதையை முடித்திருப்பேன். இதற்கு என் கையெழுத்து வேறு வேண்டுமாம்.

அவர் பஸ் ஓட்டுகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் உயிர் போகிறது என்கிறார், பொய்யில்லை. அவர் போட்ட கணக்கு இதுதான்: நாங்கள் இருக்கும் வீட்டுக்கு விலை ஏறியிருக்கிறது, கடனும் கொஞ்சம்தான் பாக்கி. அதை மறுபடியும் அடமானம் வைத்து, ஏறிய மதிப்புக்குப் பணம் எடுத்து, சின்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது. தவணையை வாடகை பார்த்துக்கொள்ளும், இவர் காலை நீட்டி உட்காரலாம்.

“தவணை தவறினா இருக்கறதும் போயிடுமே! ஆசை யாரை விட்டுது?” என்றேன்.

“வந்து பாத்துட்டு அப்புறம் திட்டு.”

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். மாடியேறிக் கதவைத் தட்டியதும் உள்ளே ஒரு பெண் குழந்தையை அதட்டினாள். “சத்தம் போடாதடி, வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க!”

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான் சொல்கிறாள்.

அங்கே குடியிருப்பவள் அவள்; வீட்டை வாங்க ஆள் வருவது தெரிந்திருக்கிறது. இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டாள். உடைந்த தரைக்கல்லின் மேல் மிதியடியைக் காலாலேயே இழுத்து விட்டாள். சுவரில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள். கிட்டே போய் மோந்து பார்த்தேன். பற்பசை! ஆணி அடித்த ஓட்டையை அடைத்திருக்கிறாள். வாடகை வீடுகளில் இருந்த காலமெல்லாம் நான் செய்த திருட்டு வேலை. கழற்றிய படம் கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

“நாங்க ஆணியே அடிக்கறதில்லைங்க,” என்றாள், கேட்காமலே.

“ம்,” என்றேன்.

அந்த ‘ம்’ என் வாயில் எப்படித்தான் வந்ததோ. எங்கள் பழைய வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே போடுவாளே, அதே ‘ம்’. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது எனக்குச் சுகமாக இருந்தது.

கிளம்பும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, “எங்களை இருக்க விடுவீங்களாக்கா?” என்றாள். என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். இவள் கொடுக்கும் வாடகை தவணைக்குப் பத்தாது, வாங்கினால் இவளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

“சும்மா பாக்கத்தான் வந்தோம்மா. அந்தப் படத்தை எடுத்து மாட்டு,” என்றேன்.

படிக்கட்டில் இவருக்குப் பொங்கிவிட்டது. “நாம வாங்கலன்னா வேற ஒருத்தன் வாங்குவான். அவ எப்படியும் போகத்தான் போறா.”

“வாங்கட்டும். அந்த ‘ம்’மை அவனே சொல்லட்டும்.”

“எந்த ம்?”

“கடனுக்குத்தான் பயப்படறேன்னு நெனச்சேங்க. இல்ல. உங்களுக்கு வீட்டுக்காரியா இருக்கறதே போதும். இன்னொருத்திக்கு வீட்டுக்காரம்மாவா என்னால இருக்க முடியாது. அது எனக்கு ரொம்ப நல்லா வரும், அதான் பயமா இருக்கு.”

அவர் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று இறங்கினார்.

“அப்ப என் முட்டி?” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நான் ஒரு படி முன்னால் இறங்கித் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். நல்ல கனம்.