ஒருக்களித்த கதவு

பக்கத்து வீட்டுக்காரன் செத்தால்கூட எட்டிப் பார்க்க இப்போது ஆளில்லை. முகம் தெரியாதவன் பேசாமல் போனால் மட்டும் சோறு இறங்காது. என் மகளும் அந்த ரகம்தான்.

படம் வரைகிறவர்கள் கூடும் ஏதோ ஒரு தளமாம், செல்போனுக்குள். அங்கே ஒரு விளையாட்டு. ஒருத்தர் ஓர் அறையை வரைந்து, அதில் ஒரு கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன அறை என்பதை அடுத்தவர் வரைவார். இப்படியே அறை அறையாகப் போய்க்கொண்டிருந்ததாம். திடீரென்று கம்பெனிக்காரன் தளத்தையே இழுத்து மூடிவிட்டான். கடைசியாக நின்றது இவள் வரைந்த அறை. கதவு திறந்தபடியே கிடந்தது, தொடர ஆளில்லை.

அதோடு இவள் பென்சிலைத் தொடவில்லை. சாப்பாடும் கொறிப்புதான். கன்னம் ஒட்டிப்போயிற்று.

"மூடின கடை முன்னாடி எவ்வளவு நாளைக்குடி நிப்ப?" என்றேன்.

"கடை இல்லப்பா, ஆளுங்க. யாரு எங்க போனாங்கன்னே தெரியல."

பிறகு ஒருநாள் பின்னறைச் சுவரில் அதே அறையைப் பென்சிலால் வரைந்தாள். நான் பெயிண்டர். என் சுவரிலேயே கிறுக்கலா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சுவரை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், கதவு இடுக்கு வழியே உள்ளே இன்னோர் அறை தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதற்கப்பால் இன்னொரு கதவு, அதுவும் ஒருக்களித்து.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க. ஆனா உள்கதவுல கீலும் பிடியும் ஒரே பக்கம் இருக்கே, எந்தத் தச்சன்டி இப்படி மாட்டுவான்?"

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நான் வரையலப்பா... ஐயோ, ஒத்தக்கம்மல்! எங்க தளத்துல ஒருத்தி வச்சுக்கிட்ட பேருப்பா. அவதான் எப்பவும் இப்படிப் போடுவா. நாங்கல்லாம் சேர்ந்து அவள ஓட்டுவோம்." சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

யார் காதில் பூ சுற்றுகிறாள்? சுவரை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே வெள்ளை பூசினேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வந்தவங்களை வெளிய வச்சுப் பூட்டிட்டீங்க" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டாள். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை, காய்ந்ததா என்று பார்க்க அறையைத் திறந்தேன். வெள்ளைக்கு மேல் படம் அப்படியே இருந்தது. உள்கதவுக்கு அப்பால் இன்னும் கதவுகள், ஒவ்வொன்றும் வேறுவேறு கைவாகு. நாற்காலி மட்டும் இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"ஈரச் சுவர் அடியில இருக்கிறதக் கக்கும்" என்றேன், பின்னால் வந்து நின்றவளிடம்.

"நாற்காலியத் திருப்பியும் போடுமா?"

"மாத்துச் சாவி வச்சிருப்ப, கள்ளி."

"சரி, வச்சிருக்கேன். பசிக்குதுப்பா, சோறு இருக்கா?"

மறுபடி வெள்ளை பூச எடுத்த பிரஷ் கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். நான் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தப்போனேன்.

"கொஞ்சம் திறந்தே வைங்கப்பா."

பெண் குரல். அறைக்குள்ளிருந்து. என் மகளோ எதிரே, வாய் நிறையச் சோற்றோடு.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். இந்தக் காலத்தில் எவன் சத்தத்தைக் குறைத்து வைக்கிறான்?

கதவை விரலளவு விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பெயிண்ட் வாடை போகட்டும் என்றுதான். வேறொன்றும் இல்லை.