பட்டி பார்த்த கொக்கிகள்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர். தலைமுடி அளவு பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வைத்தது. படைவீரர்களின் பாராசூட் வார்களைப் பூட்டும் எஃகுக் கொக்கிகளை அளந்து, சோதித்து, தேறியவற்றின் தாளில் முத்திரை குத்துவது அவள் வேலை. பதினோரு வருடமாக அந்த முத்திரையை இழுப்பறையில் பூட்டித்தான் வைத்திருந்தாள்.

அந்த வருடம் மூன்றாம் நம்பர் லேத்தின் கூலன்ட் கெட்டுப்போனது. எஃகை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற பால் நிறத் திரவம், மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டதில் சாம்பல் நிறமாகி, மேலே ஆடை கட்டி, அழுகிய முட்டையாய் நாறியது. தொட்டியைக் கழுவச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். இந்த ஆர்டர் முடியட்டும் என்று ஷிஃப்ட் பொறுப்பாளர் தட்டிக்கழித்தார். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன்தான். அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே; மாதம் ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று தொட்டியைச் சுற்றி ரோஜா வாசனை ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார். அழுகலும் ரோஜாவும் கலந்த அந்த வீச்சத்திலேயே அவள் அன்றைய கொக்கிகளை அளந்து முடித்தாள்.

அந்த லேத்தில் வெட்டிய நானூறு கொக்கிகளிலும் துரு தின்ற குழிகள். ஊசிமுனை அளவுதான். ஆனால் ஓர் ஆளின் பாரம் சடாரென்று இழுக்கும்போது விரிசல் விட அது போதும். மொத்தத்தையும் ஒதுக்கிச் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். அடுத்த இரண்டு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு.

திரும்பி வந்தபோது சீட்டுகளைக் காணோம். அதே கொக்கிகள் கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று, அனுப்பும் பகுதியில் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒன்றை எடுத்துச் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியிலிருந்து இன்னும் காயாத பசை நகக்கண்ணில் ஏறியது. கார் நெளிசலுக்குப் பட்டி பார்ப்பதுபோல் குழிகளைப் பசையால் அடைத்திருக்கிறார்கள். தாளில் அவள் முத்திரை. பக்கத்தில் அவள் கையெழுத்துப் போலவே ஒன்று. இழுப்பறையின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா புருஷன் கேன்டீனில் இருந்தார்.

"மாமா, என் முத்திரையை நீங்களா எடுத்தீங்க?"

பிஸ்கட்டை டீயில் நனைத்து நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார். "நமக்குள்ள என்னம்மா உன் முத்திரை, என் முத்திரை? வாங்குறவங்க பத்து எடுத்துப் பார்ப்பாங்க. பழைய லாட்ல நல்லதா பத்தை மேலாப்புல வெச்சிருக்கேன்."

"குதிக்கிறவன் மேலாப்புல இருக்கறதா பார்த்தா மாட்டுவான்?"

"குதிக்கிறவன் உனக்கு மாமனா, மச்சானா?" என்று சிரித்தார். பல்லிடுக்கில் ஈர பிஸ்கட் அப்பியிருந்தது. அக்கா கல்யாணத்திலிருந்து பார்த்துப் பழகிய முகத்தை அவளால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

நேராக அனுப்பும் பகுதிக்குப் போனாள். பெட்டியின் அடியிலிருந்து ஆறு கொக்கிகளை எடுத்து, தின்னரில் பெயிண்டைக் கழற்றி, இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டினாள். குறித்த எடைக்கு வெகு முன்பே இரண்டு முறிந்தன. கொக்கிகளை வாங்குகிற ராணுவத் துறையின் ஆய்வு அதிகாரிக்கு அதே வளாகத்தில்தான் அறை. முறிந்த துண்டுகளை அவர் மேசையில் வைத்து, கையெழுத்து தன்னுடையதில்லை என்றாள். யார் போட்டது, தனக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

பெட்டிகளுக்குச் சீல் விழுந்தது. மூன்று மாதம் விசாரணை. மாமாவை வேறொரு கிளைக்கு மாற்றியதோடு சரி. எப்படியாவது அனுப்பித் தொலை என்று அவரை நெருக்கிய மேனேஜர், எல்லோரையும் கூட்டி, நம் நிர்வாகமே தவறைக் கண்டுபிடித்துவிட்டது என்று பெருமையாகப் பேசி அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் நீட்டினார். அவருடைய வியர்த்த உள்ளங்கை அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது. மேடையிலிருந்து இறங்கியதும் கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள். முதலில் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுதாள்.

"சொல்லியிருந்தா என்னக்கா பண்ணியிருப்பே?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

போனை வைத்த அக்கா அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.