மாவுக்கட்டு போட்ட சுவிட்ச்

அந்தப் பொதுக் கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பார்த்தாலே பூட்டு அக்காவுக்கு வயிற்றைப் புரட்டும். எழுத்துகளுக்கு நடுவே மெழுகுத் துணுக்கு, காய்ந்த டீக் கறை, யாரோ கடித்துத் துப்பிய நகம். நகம்! அதையும் ஒருநாள் அவள்தான் ஊசியால் கிளறி எடுத்துப் போட்டாள். இத்தனைக்கும் அது பல் செட் செய்து தரும் பட்டறை. எவரெவர் வாயிலோ எடுத்த அச்சுகள் எச்சில் காயாமல் காலையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கையுறை போட்டு அவற்றைக் கழுவி, எண் ஒட்டி, எந்தப் பல் யார் வாய்க்கு என்று பதிவு செய்வது அவள் வேலை. பதினாறு வருடத்தில் அந்த எச்சில் ஒருநாளும் அவளுக்கு அருவருத்ததில்லை. கீபோர்ட்தான் அருவருத்தது.

பூட்டு என்பது பட்டறை வைத்த பெயர். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் தன் மேசைக் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் வைத்திருப்பாள். தெரியாத மெயிலில் வரும் லிங்க்கைத் தொட மாட்டாள்; தொடுகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டாள். ‘வேலை முடிந்ததும் வெளியேறவும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியவளும் அவள்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பொதுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை அதன் நெற்றியிலேயே ஒட்டி வைத்தார்கள். முதலாளியின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

அந்தக் கிழட்டு மெஷினை அணைத்தால் திரும்ப எழுந்து வரக் கால் மணி நேரம் பிடிக்கும். யாராவது கை தவறி அணைத்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது. ஆகவே பட்டறைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார்கள். அச்சு வார்க்கும் வெள்ளை மாவில் ஒரு பிடி குழைத்துச் சுவிட்ச் மேல் அப்பி, உடைந்த காலுக்குப் போடுவதுபோல மாவுக்கட்டே போட்டுவிட்டார்கள். மூன்று வருடமாக அது தூங்கவில்லை. அதில் யார் எதைத் திறந்தாலும் திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

பூட்டின் மூளை அவள் போனில் இருந்தது. அதில் ஒரு லிஸ்ட். செய்ய வேண்டியது, வாங்க வேண்டியது, பேச வேண்டியது, மறைக்க வேண்டியது எல்லாம் தேதி போட்டு அதில் ஏறிவிடும். முந்தின நாள் சாயங்காலம் அதுவே மணியடித்துச் சொல்லும். மெயில் வந்தால் விஷயத்தை லிஸ்டில் ஏற்றிவிட்டு மெயிலை அந்த நிமிடமே அழித்துவிடுவாள். “என் இன்பாக்ஸைப் பார், துடைச்சு வச்ச மாதிரி இருக்கும்” என்று பீற்றிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் ருசியும் உண்டு.

பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்து வந்த மெயிலையும் அப்படித்தான் அழித்தாள். பட்டறைப் பயிற்சியாளர் வேலை. மாணவர்களுக்கு அச்சு எடுப்பதையும், பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக வைத்துக்கொள்வதையும் சொல்லித் தர வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு நாற்பத்து நாலு முடிந்து எட்டு மாதம். இதை விட்டால் சாகிறவரை எண் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அலமாரியின் மேல் தட்டில் இருந்த நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு, பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு வந்திருப்பதாகச் சொன்னதும் அங்கிருந்த அலுவலர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். “நேத்தும்மா! உங்களுக்காக அரை மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்க.”

“இல்லைங்க, வெள்ளிதான். இதோ பாருங்க.” போனை நீட்டினாள்.

அலுவலர் அம்மா தன் ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினாள். வியாழக்கிழமை. சந்தேகமே இல்லை. “கம்ப்யூட்டர் சொல்லித்தர வர்றவங்களே தேதியைக் கோட்டை விட்டா எப்படி? சரி, ஏன் வரலைன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதி அனுப்புங்க. திங்கக்கிழமை குழு உட்காருது. பார்ப்பாங்களா மாட்டாங்களான்னு நான் உறுதி சொல்ல முடியாது.”

தெருவுக்கு வந்து ஒரு கடையின் ஓரமாக நின்றாள். லிஸ்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. எப்போது எழுதியது, எப்போது மாற்றியது என்று காட்டும். இதுவரை அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. இப்போது திறந்தாள். ‘வியாழன் என்பது வெள்ளி என மாற்றப்பட்டது. திங்கட்கிழமை, பகல் 1.14. கம்ப்யூட்டரிலிருந்து.’

கம்ப்யூட்டரிலிருந்தா? அவள் போனைத் தவிர வேறெதிலும்… அப்போதுதான் அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் முன்பு போன் நனைந்து செத்துப் போயிருந்தது. தன் மேசைக் கம்ப்யூட்டரோ அவளே போட்டுவிட்ட அப்டேட்டில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டே நிமிடம் என்று பொதுக் கம்ப்யூட்டரில் லிஸ்டைத் திறந்தாள். அடுப்பில் வைத்த பல் கருகுகிறது என்று யாரோ கத்த, எழுந்து ஓடினாள். ஓடினவள் திரும்ப வந்து வெளியேறவில்லை. எல்லோருக்கும் பாடம் எடுக்கிற இந்த மகாராணி வெளியேறவில்லை! தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பட்டறைக்குள் அவள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. நல்ல உடுப்போடு வந்து நிற்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை. மெழுகில் பல் செதுக்குகிறவளை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அடுப்புக்காரர் திடீரென்று அடுப்பின் முதுகுப் பக்கத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். பூட்டு நேரே பொதுக் கம்ப்யூட்டரிடம் போய் மவுஸை அசைத்தாள். பிசுபிசுப்பு விரலில் ஒட்டியது. பிரவுசரின் மூன்றாவது டேப்பில் அவள் லிஸ்ட் விரிந்து கிடந்தது. மாமியாரின் மருந்து, மகளின் விடுதிக்கு எழுத வேண்டிய கடிதம், வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் பேச வேண்டிய விஷயம், மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஒன்று விடாமல் எல்லாம் இருந்தது. தன் பல் துலக்கும் பிரஷை ஊரே மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்ததுபோல அவளுக்கு வாய் கசந்தது.

“திங்கக்கிழமை சாப்பிடும்போது கை கழுவிட்டு வரேன்னு எழுந்து போனது நீதானே?” என்றாள் மெழுகைப் பார்த்து.

மெழுகு எழுந்து வந்தாள். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அழிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு ஒரே ஒரு நாள்தான் தள்ளி வச்சேன். நீங்க போயிட்டா எங்களுக்கு யாருக்கா இருக்கா? எந்த அச்சு யாருதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் சேர்ந்து பேசித்தான் பண்ணினோம்.”

“எல்லாருமா?”

“பாசத்துலதான்மா” என்றார் அடுப்புக்காரர், அடுப்புக்குப் பின்னாலிருந்தே.

முதலாளி தன் அறை வாசலில் வந்து நின்றார். “அதைப் பெரிசு பண்ணாதம்மா. திறந்து கிடந்தா நாலு பேர் பார்க்கத்தான் செய்வாங்க. நீயே சொல்லுவியே.”

அவள் சொன்னதுதான். அவள் எடுத்த பாடத்தையே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். என்ன தோல் இவருக்கு! பூட்டு அவரைப் பார்க்கவே பிடிக்காமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். அஞ்சு மணிக்குள் கல்லூரிக்கு எழுத வேண்டும். எழுத வரவில்லை.

மெழுகு பூனை மாதிரி பக்கத்தில் வந்து குனிந்து, போனில் ‘வராததற்குக் காரணம்’ என்ற தலைப்போடு நின்ற மெயிலை எட்டிப் பார்த்தாள். “காரணம் எழுதணுமா? உடம்பு சரியில்லைன்னு போடுங்கக்கா. பொய்யும் இல்லையே, பாவம், உங்களுக்குத்தான் அந்த மூலத் தொந்தரவு…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூட்டு தனக்குக் கீழே இருந்த மெத்தையைக் குனிந்து பார்த்தாள். ஒரு மாதம் முன்பு ஒருநாள் காலையில் வந்தபோது நாற்காலியில் இந்த மெத்தை இருந்தது. “நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கீங்களேக்கா” என்று மெழுகு சிரித்தாள். “தண்ணி நிறைய குடிம்மா” என்று அடுப்புக்காரர் அன்றிலிருந்து தினம் தினம் சொன்னார். பிறந்த வீட்டில்கூட இப்படி யாரும் தன்னைத் தாங்கியதில்லை என்று அன்று வீட்டுக்காரரிடம் கண் கலங்கச் சொல்லியிருந்தாள். கட்டின புருஷனுக்கே பாதிதான் தெரிந்த நோயை லிஸ்டில் படித்துவிட்டுத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாக அந்தப் பாசத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்! உடம்பெல்லாம் கூசியது.

எழுந்தாள். போனில் ‘எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொதுக் கம்ப்யூட்டரில் லிஸ்ட் மறைந்து பாஸ்வேர்ட் கேட்டது. பழைய பாஸ்வேர்டையும் அங்கேயே நின்றபடி மாற்றினாள். பிறகு அச்சு உடைக்கிற சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள்.

“அக்கா, வேண்டாம்க்கா! திரும்ப வரக் கால் மணி நேரம் ஆகும்!”

“மத்த டேப்ல என்னென்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? உன் மெயில் திறந்து கிடக்கு. அடுப்புக்காரரோட போட்டோ எல்லாம் கிடக்கு. முதலாளி வீட்டு வழக்குப் பேப்பர் கிடக்கு. மூணு வருஷமா கிடக்கு. டேப் தலைப்பே சொல்லுது. நான் ஒருநாளும் உள்ள எட்டிப் பார்த்ததில்ல.”

முதலாளியின் முகம் சுண்டிப் போனது. “வழக்குப் பேப்பரா? யார் பார்த்தீங்க?” என்று அவர் மெழுகையும் அடுப்புக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். மெழுகு அவசரமாகச் செதுக்கும் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தாள்; அடுப்புக்காரர் அடுப்புக்குப் பின்னால் இன்னும் குனிந்தார்.

இரண்டே அடியில் மாவுக்கட்டு பொடிந்து விழுந்தது. சுவிட்சை அணைத்தாள். மூன்று வருட இரைச்சல் நின்றதும் பட்டறை அத்தனை அமைதியாக இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மெத்தையின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், பழைய எச்சில் அச்சுகள் கிடக்கும் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவினாள். வெறும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். சுரீரென்றது.

உடம்பு சரியில்லை என்று எழுதினால் சுலபமாகத் தப்பிக்கலாம். ஆனால் அந்த வார்த்தை இப்போது மெழுகின் வாய் மென்று துப்பியதாக இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. எழுதினாள்: ‘நான் வேலை செய்யும் இடத்தின் பொதுக் கம்ப்யூட்டரில் என் கணக்கிலிருந்து வெளியேற மறந்தேன். என்னோடு வேலை செய்பவர்கள் அதைத் திறந்து நேர்முகத் தேதியை மாற்றிவிட்டார்கள். உங்கள் மெயிலை நான் அழித்துவிட்டதால் சரிபார்க்க முடியவில்லை. மாணவர்களுக்கு நான் எதைச் சொல்லித்தர வேண்டுமோ அதில்தான் தவறினேன்.’

இதைப் படித்துவிட்டு யார் வேலை கொடுப்பார்கள் என்று தோன்றியது. கொடுக்காமலும் போகலாம்.

“பூட்டு, சாப்பிட வர்றியாம்மா?” என்று அடுப்புக்காரர் ஒன்றும் நடக்காததுபோலக் கூப்பிட்டார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார முடியாமல் வலித்தது. கடைசி வரியை இன்னொரு முறை படித்து, அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.