விடு

ஒலிப்பதிவை மூன்றாவது முறையாகப் போட்டார்கள். விசாரணை அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. அதற்குள்ளிருந்து, செத்து நாற்பது நாளான அவள் வீட்டுக்காரர் பேசினார். "மெதுவா. இன்னும் மெதுவா." பிறகு எச்சரிக்கை மணி. பிறகு, "விடு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர், பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் வாத்தியார். மற்றவன் ஓட்டிக்கொண்டிருந்த பயிற்சி விமானி. காற்று மெலிந்த மலைமுகட்டில் இறங்கும்போது எஞ்சினுக்குத் தெம்பு போதாமல் வண்டி அமிழ்ந்தது. வாத்தியார் "விடு" என்றார். ஓட்டும் பிடியான ஸ்டிக்கை அவர் வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்து அவன் கையை எடுத்துவிட்டான். மூன்று விநாடி ஸ்டிக்கை யாருமே பிடித்திருக்கவில்லை. வாத்தியார் போய்விட்டார். அவன் கால் உடைந்து பிழைத்தான்.

அதிகாரி தன்மையான மனிதர். புட்டுப் புட்டு வைத்தார். 'இறங்குவதை விடு, மேலே தூக்கு' என்று வாத்தியார் சொல்லியிருந்தால் தப்பு அவனுடையது. உரிமம் போகும், ஜென்மத்துக்கும் பறக்க முடியாது. 'கையை விடு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றிருந்தால் தப்பு வாத்தியாருடையது. இரண்டும் தெளிவாகாவிட்டால், விதியில் இல்லாத சொல்லைச் சொன்னவர் தலையில்தான் விடியும். அந்த "விடு"வுக்குப் பின்னால் ஏதோ பேச்சு இருக்கிறது, இரைச்சலில் நிபுணர்களுக்கே பிடிபடவில்லை, வீட்டு மனுஷிக்குக் கேட்கலாம் என்றார்.

கேட்டது. முதல் தடவையே கேட்டது. "யார் உன்னைக் கைய விடச் சொன்னது?"

எப்படிக் கேட்காமல் போகும்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடு மாற்றியபோது, இரும்பு பீரோவை இருவருமாக மாடிப்படியில் இறக்கினார்கள். அவர் மேலே, அவள் கீழே. பாதிப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. "விடு" என்றார். விட்டாள். பீரோவின் மூலை அவள் கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்ட அவள் படியில் உட்கார்ந்திருந்தபோது, மேலே நின்றபடி அவர் கேட்டது இதே கேள்விதான், எழுத்துப் பிசகாமல். 'இன்றைக்கு விடு, நாளைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்' என்றுதான் சொன்னாராம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். எத்தனை பேருக்குக் காபி கொடுத்தபடியே அவளும் கூடச் சிரித்திருப்பாள்! ஒருநாள், ஒரே ஒருநாள், தப்பு என்னுடையது என்று அந்த வாயில் வந்ததில்லை. வீட்டுப் பேச்சு இங்கே கூடாது, ஸ்டிக்கைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் முழு வாக்கியமாகச் சொல் என்று பள்ளிப் பலகையில் எழுதிப்போட்டவரும் இந்த மகராசன்தான்.

நாற்பது நாளாக அழுதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. சாகிற நேரத்திலும் பெண்டாட்டி நினைப்பு இல்லை, கடவுள் நினைப்பு இல்லை. பழியைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவன் தலையில் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"ஏதாவது கேக்குதாம்மா?"

செருப்புக்குள் கட்டைவிரலை மடக்கினாள். கோணலாக முளைத்த நகம் தோலில் உறுத்தியது.

"இரைச்சல்தான் சார் கேக்குது."

"உங்க வீட்டுக்காரர் பேருக்காகத்தான் கேக்கிறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நல்லது செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. செத்த மனிதரைக் காட்டிக்கொடுத்தது போலத்தான் இருந்தது. கொஞ்சம் ருசியாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

வெளியே நடைக்கூடத்துப் பெஞ்சில் அந்தப் பயிற்சி விமானி காத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஊன்றுகோலை ஒரு கக்கத்தில் கொடுத்து எழுந்தான். மறு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வலிக்கிற பிடி.

"அக்கா, விடுன்னு சொன்னப்புறம் சார் இன்னும் ஏதோ சொன்னாரு. என்ன முட்டினாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. உள்ள போட்டுக் காட்டினாங்களா? என்ன சொன்னாரு?"

வாய் வரை வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டாள். இவன் இன்னும் நாற்பது வருஷம் உயிரோடு இருக்க வேண்டியவன்.

"விடு" என்றாள்.

அவள் விடச் சொன்னது அந்தப் பேச்சைத்தான். அவன் சட்டென்று அவள் கையை விட்டான். ஐந்து விரலும் விரிந்தபடி அவன் கை காற்றில் அப்படியே நின்றது.