பூசாத சுவர்

கல்லாவியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மூன்று நாள் கழித்து மத்திகிரிக்குத் திரும்பி, கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். நடுச்சுவர் முழுக்க முக்கோணங்கள். நீலம், மஞ்சள், செங்காவி. மருமகள் தர்ஷினி ஸ்டூல்மேல் நின்று, கோடு பிடிக்க ஒட்டிய டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குது மாமா?"

"பூசினது யாரு?"

"ஆள் வெச்சுப் பூசினேன். பெயிண்ட் நானே அடிச்சேன்."

அந்தச் சுவர் என் தம்பி பூபதி எழுப்பியது. அம்மாவின் கருமாதிகூட ஆகவில்லை. அதற்குள் பாகம் கேட்டு, கூடத்தின் நடுவே ஹாலோபிளாக் கல்லை அடுக்கினான். தன் பக்கத்தைப் பூசி வெள்ளையும் அடித்துக்கொண்டான். என் பக்கத்தை நான் பூசவில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும், கேட்கட்டும் என்று வெறும் கல்லாகவே வைத்திருந்தேன். கேட்ட எல்லோருக்கும் சொன்னேன்.

"நாளைக்குக் காவேரியப் பொண்ணு பாக்க பர்கூர்ல இருந்து வர்றாங்க," என்றாள் தர்ஷினி. காவேரி என் கடைசி மகள். "வர்றவங்ககிட்ட பங்காளிச் சண்டையவா காட்டுறது?"

"மறைச்சு வெச்சுப் பொண்ணு குடுக்கிற குடும்பம் இல்லம்மா இது."

ஷிப்ட் முடிந்து வந்த மகன் குருமூர்த்தி, பையைக்கூட இறக்காமல் அவளுக்குப் பரிந்து பேசினான்.

"சித்தப்பா எப்பவோ மறந்திருப்பாரு. நீங்கதான்பா அந்தக் கல்லக் கட்டிக்கிட்டு இருக்கீங்க."

"அவன் மறப்பான். செஞ்சவன்தானே."

உளியும் சுத்தியலும் எடுத்துவந்தேன். தர்ஷினியின் கண் கலங்கியதைப் பார்த்தேன், நிறுத்தவில்லை. நடுவில் இருந்த பெரிய முக்கோணத்தை மட்டும், கோட்டைத் தாண்டாமல் கொத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. கேட்கட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தேன். பூச்சு உதிர்ந்து கல் தெரிந்தது.

"மத்ததெல்லாம் நீ வெச்சுக்கோ. இது என்னுது."

"குப்பையையும் நீங்களே அள்ளிடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அள்ளினேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரோடு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார்.

"எல்லாக் கலரும் சரிதான். நடுவுல அந்தச் சிமெண்ட் கலர் விட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் எடுப்பு. யார் போட்ட டிசைனுங்க?"

வேண்டாம் என்று குருமூர்த்தி எனக்குக் கண் காட்டினான். தர்ஷினி தரையைப் பார்த்தாள்.

"என் தம்பி போட்டதுங்க," என்றேன். "டம்ளரக் கீழ வெச்சிட்டு உக்காருங்க. சொல்றேன்."