கர்னலின் கடைசிப் படம்

சவப்பெட்டி வைக்க இடம் வேண்டி அபிகெயில் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கர்னல் ராஜசேகரனின் ஓவியம் மட்டும் நடுவில் நின்றது. நேற்றுக் காலைதான் அப்பா பெர்னார்ட் அதில் கையெழுத்துப் போட்டார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்தாறு வயது.

"அத சுவத்துப் பக்கம் திருப்பி வை. சாவு வீட்டுல இன்னொருத்தர் படம் எதுக்கு," என்றாள் அம்மா கெர்ட்ரூட்.

அபிகெயில் ஈரச் சாயம் ஒட்டாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

அப்பா ராணுவத்தில் கார்ப்பரலாகவே ஓய்வு பெற்றவர். ஆனால் முகாமின் மெஸ் சுவரில் தொங்கிய அதிகாரிகள் எல்லாம் அவர் கையில் பிறந்தவர்கள். பின்னால் சிவப்புத் திரை, வாள் பிடியில் ஒரு கை, பதக்கங்கள் அதனதன் வரிசையில். வரையும்போது அப்பா ஒரு சாண் உயர ஸ்டூலில் குந்தி அண்ணாந்தே பார்ப்பார். "படத்தப் பாக்குறவன் கழுத்து நிமிரணும். அப்பதான் அது ஆபீசர்," என்பார். அதிகாரிகள் எல்லாரும் பனைமர உயரம் என்றே அபிகெயில் சிறு வயதில் நினைத்திருந்தாள்.

பத்து மணிக்குக் கர்னல் செனாய் ஊரிலிருந்து வந்தார். அவள் தோள் அளவுதான் இருந்தார்.

அம்மா பதறி எழுந்து, முகாம் வழக்கப்படி மலாயில் 'ஐயா' என்று அழைத்தாள். "டுவான், உக்காருங்க டுவான்."

"இன்னிக்கு டுவான் வேணாம்மா."

பெட்டியருகே வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "படத்த முடிச்சிட்டாரா?"

அபிகெயில் திருப்பிக் காட்டினாள். திரை, வாள், பதக்கம் எல்லாம் இருந்தன. ஆனால் கர்னல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் நுனி மட்டும் தரையைத் தொட்டது. கண்கள் பார்ப்பவரின் கண்களுக்கு நேராக இருந்தன. சிரிக்கப் போகிற முகம்.

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "வயசாயிடுச்சு டுவான். அவருக்குக் கண்ணு சரியில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"கண்ணு நல்லாத்தாம்மா இருந்துச்சு. முட்டிதான் வலிக்குதுன்னாரு. ஸ்டூல் வேணாம், சேர்ல உக்காருங்க, நானும் எதுக்கால உக்காந்துக்குறேன்னேன். முப்பது வருஷமா என் முன்னால குனிஞ்சே நின்னாரு, உச்சந்தலையத்தான் பாத்திருக்கேன். இந்த மூணு மாசம்தான் முகத்தப் பாத்துப் பேசினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என்னை மாதிரியே இருக்கு."

அம்மா படத்தை இன்னொரு முறை பார்த்தாள். அதன் பிறகு திருப்பி வைக்கச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் அபிகெயிலின் கணவன் கால்வின். அவனுக்கு இணையாகக் கர்னல் வந்து தோள் கொடுத்தார். பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது.

"அங்கிள், நீங்க சும்மா கூட நடந்து வாங்களேன்," என்றார் சவ வண்டிக்காரர்.

கர்னல் நகரவில்லை.

கால்வின் ஒருமுறை அபிகெயிலைப் பார்த்தான். பிறகு முட்டியைக் கொஞ்சம் மடக்கினான். பின்னால் இருந்த நால்வரும் ஒவ்வொருவராக மடக்கினார்கள். பெட்டி சமமானது. அப்படியே, ஐவர் கர்னலின் உயரத்துக்கு முட்டி மடக்கி நடக்க, ஆறு பேரும் வாசல் தாண்டி வெயிலுக்குள் இறங்கினார்கள்.